கடுகும் யானையும்: கணினிப் போர்க்களத்தில் கற்ற பாடம்

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்று தமிழ்ப்பள்ளியில் பழமொழி மனனம் செய்த காலத்தில், தேர்வுக்கு எழுதினேனே தவிர அதன் பொருளை உணர்ந்ததில்லை. பல்கலைக்கழக விடுதி அறையில் ஓர் இரவு, எங்கள் அணியின் 100 டன் போர் இயந்திரத்தை எதிரணியின் 20 டன் இயந்திரம் ஒன்று சாய்த்தபோதுதான் உணர்ந்தேன். அந்தத் தோல்வியிலிருந்து நான் கற்றுக்கொண்டதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். கணினி விளையாட்டைப் பற்றிக் கழக மலரில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். இறுதிவரை வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள், நண்பர்களே.

மெக் என்றால் என்ன?

மனிதன் உள்ளே அமர்ந்து செலுத்தும், கால்கள் கொண்ட பிரம்மாண்டமான போர் இயந்திரத்தை 'மெக்' என்பார்கள். 1984இல் அமெரிக்காவின் ஃபாசா நிறுவனம் வெளியிட்ட 'பேட்டில்டெக்' என்ற பலகை விளையாட்டில் இவை இடம்பெற்றன. அதன் வழியில் 1989இல் 'மெக்வாரியர்' என்ற கணினி விளையாட்டு வந்தது. கனடாவின் வான்கூவர் நகரைச் சேர்ந்த பிரானா கேம்ஸ் நிறுவனம் 2013இல் 'மெக்வாரியர் ஆன்லைன்' விளையாட்டை வெளியிட்டது. நாங்கள் ஆடுவது இதைத்தான். காரணம் எளிது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஶ்ரீ மூடாவை வெள்ளம் மூழ்கடித்தபோது, எங்கள் வீட்டில் கீழ்த்தளத்தில் இருந்த அண்ணனின் நல்ல கணினியும் போய்விட்டது. மிஞ்சியது ஒரு பழைய மடிக்கணினி. அதில் ஓடக்கூடிய விளையாட்டு இதுவாக இருந்தது.

இவ்விளையாட்டில் மெக்குகள் எடையைப் பொறுத்து நான்கு வகைப்படும். 20 முதல் 35 டன் வரை இலகு ரகம். 40 முதல் 55 டன் வரை நடுத்தர ரகம். 60 முதல் 75 டன் வரை கனரகம். 80 முதல் 100 டன் வரை அதிகனரகம். 100 டன் 'அட்லஸ்' மணிக்கு ஏறத்தாழ 50 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும். 20 டன் 'லோக்கஸ்ட்' 150 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும். கவசமும் ஆயுதமும் அட்லஸிடம் பன்மடங்கு அதிகம். அப்படியிருந்தும் அட்லஸ் தோற்கிறது. ஏன்?

அன்று நடந்தது

வேறொரு பல்கலைக்கழக நண்பர்களோடு, அணிக்கு எட்டுப் பேராக நட்புமுறை ஆட்டம் ஆடினோம். எங்கள் அட்லஸைச் செலுத்தியவர் பேராக்கிலிருந்து வந்த முதலாம் ஆண்டு மாணவர். நாங்கள் 'தம்பி' என்றே அழைப்போம். மெதுவாக நடக்கும் இயந்திரம் என்பதால் அணியின் கடைசியில் வந்துகொண்டிருந்தார். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் எதிரணியின் லோக்கஸ்ட் ஒன்று மலையைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் முதுகில் சுடத் தொடங்கியது.

"அண்ணே, பின்னால வந்துருச்சு" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. முன்னால் எதிரி தெரிந்த ஆர்வத்தில் எல்லாரும் முன்னேறினோம். முதுகுக் கவசம் உடைந்து எச்சரிக்கை மணி ஒலித்த பிறகுதான் நான் உட்பட நால்வர் திரும்பி ஓடினோம். லோக்கஸ்ட் ஓட, நாங்கள் துரத்தினோம். அதற்குள் முன்னால் இருந்த எங்கள் மூவரை எதிரணியின் எழுவர் சூழ்ந்து முடித்துவிட்டார்கள். பிறகு எங்களை ஒவ்வொருவராக வேட்டையாடினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கோபத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். "ஒரு லோக்கஸ்ட்டக்கூடச் சமாளிக்க முடியலையா?" தம்பி எதுவும் பேசவில்லை. மறுநாள் முதல் ஆடவும் வரவில்லை.

எங்களில் ஒருவர் ஆட்டத்தைப் பதிவு செய்திருந்தார். அதைப் பொறுமையாகப் போட்டுப் பார்த்தேன். தம்பி நான்கு முறை அழைத்திருக்கிறார். முதல் மூன்று அழைப்புக்குப் பதிலே இல்லை. பதிவைப் பார்த்து முடித்தபோது, சமாளிக்கத் தெரியாதவர் யார் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது.

வேகத்தின் கணக்கு

இடைநிலைப்பள்ளி இயற்பியல் பாடத்தைக் கொஞ்சம் நினைவுக்குக் கொண்டு வாருங்கள். மணிக்கு 150 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 42 மீட்டர். லோக்கஸ்ட் நம்மைச் சுற்றி 50 மீட்டர் ஆரத்தில் வட்டமிட்டால், அந்த வட்டத்தின் சுற்றளவு 314 மீட்டர். ஏழரை வினாடியில் ஒரு முழுச் சுற்று முடிந்துவிடும். அந்த வேகத்திற்கு ஈடுகொடுத்து அதிகனரக மெக்கால் உடலைத் திருப்பிக்கொண்டே இருக்க முடியாது. எனவே லோக்கஸ்ட் எப்போதும் நம் முதுகுப் பக்கத்திலேயே இருக்கும். பெரும்பாலானவர்கள் கவசத்தின் பெரும்பங்கை முன்பக்கத்தில் வைத்துவிடுவதால் முதுகு மெலிந்திருக்கும்.

அதே லோக்கஸ்ட் 200 மீட்டர் தள்ளி வட்டமிட்டால் என்ன ஆகும்? சுற்றளவு ஏறத்தாழ 1,257 மீட்டர். ஒரு சுற்றுக்கு 30 வினாடி வேண்டும். அதன் வேகம் குறையவில்லை. ஆனால் நாம் திரும்ப வேண்டிய வேகம் நான்கில் ஒரு பங்காகிவிட்டது. ஆக, இலகு ரகத்தின் பலம் வேகத்தில் மட்டுமில்லை, நெருக்கத்திலும் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

இரண்டாவது காரணம் ஆயுதம். சாதாரண லேசர்க் கதிர் ஏறத்தாழ ஒரு வினாடி எரியும். அந்த ஒரு வினாடியில் லோக்கஸ்ட் 42 மீட்டர் நகர்ந்துவிடும். கதிரின் சூடு ஓரிடத்தில் பாயாமல் கால், கை, மண் என்று சிதறிப்போகும்.

மூன்றாவது காரணம் இணையத் தாமதம். தொலைதூர வழங்கியோடு ஆடும்போது கால் வினாடித் தாமதம் ஏற்பட்டால், அதற்குள் லோக்கஸ்ட் 10 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். திரையில் தெரிவது பழைய நிழல்தான். தொடக்க காலத்தில் இது பெரிய குறையாக இருந்தது. 2013இல், நாம் சுட்ட கணத்தில் எதிரி எங்கே இருந்தான் என்று வழங்கியே பின்னோக்கிக் கணக்கிடும் முறை சேர்க்கப்பட்டதும் குறை பெருமளவு தணிந்தது. எனவே ஒவ்வொரு தோல்விக்கும் இணையத்தையே குறைசொல்ல முடியாது.

நான்காவது காரணமே மிக முக்கியமானது என்பது என் கருத்து. லோக்கஸ்ட் நமக்கு ஏற்படுத்தும் உண்மையான சேதம் அதன் குண்டுகளால் வருவதில்லை. அது எத்தனை பேரைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது என்பதே கணக்கு. அன்று 20 டன் இயந்திரம் ஒன்று எங்கள் நால்வரைத் தன் பின்னால் ஓடவைத்தது. நாங்கள் அட்லஸைக் காப்பாற்றப் போனதாக நினைத்தோம். உண்மையில் எதிரணி கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

கபடித் திடலில் விடை

இதற்கு வழி தேடியபோது என் நினைவுக்கு வந்தது தமிழ்ப்பள்ளித் திடல்தான். அங்கே எங்களுக்குக் கபடி கற்பித்த ஆசிரியர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "பாடி வர்றவன் பின்னால ஓடாதீங்கடா. அவன் திரும்பிப் போயாகணும். அந்த வழியில நில்லுங்க."

கபடியில் பாடி வருபவர் ஒருவர். எதிரே இருப்பவர்கள் எழுவர். வருபவருக்கு வேகம் உண்டு, ஆனால் 30 வினாடிதான் நேரம். அதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். காப்பவர்கள் கைகோத்துச் சங்கிலியாக நிற்பார்கள். ஆளுக்கொரு பக்கம் ஓடினால் ஒவ்வொருவரையும் தொட்டுவிட்டுப் போய்விடுவார். ஆழமாக உள்ளே வரவிட்டு, திரும்பும் கணத்தில் ஒருவர் கணுக்காலைப் பிடிக்க, மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்க வேண்டும். முதலில் பிடிபடுவது கால்தான்.

இலகு ரக மெக்கும் பாடி வருபவரைப் போன்றதுதான். அதன் கவசம் மெல்லியது. சுட்டுக்கொண்டே இருந்தால் சூடேறி நின்றுவிடும். ஆகவே வந்து அடித்துவிட்டு மறைவிடத்திற்குத் திரும்பியே ஆக வேண்டும். இந்த ஒப்புமையை வைத்துக்கொண்டுதான் நாங்கள் பயிற்சியை மாற்றி அமைத்தோம்.

எதிர்கொள்ளும் வழிகள்

1. சங்கிலியாக நகர்தல்: அணியின் வேகம் மிக மெதுவானவரின் வேகமாக இருக்க வேண்டும். அட்லஸ் 50 கிலோமீட்டரில் நடந்தால் மற்றவர்களும் அதையொட்டியே நடக்க வேண்டும். லோக்கஸ்ட் விரும்புவது தனியாக நிற்பவரை. தனியாள் கிடைக்காவிட்டால் அது சுற்றிச் சுற்றி நேரத்தை வீணாக்கும்.

2. நண்பரின் முதுகைக் காத்தல்: நம் காலடியில் இருக்கும் லோக்கஸ்டை நம்மால் சுட முடியாது. மார்பில் பொருத்திய ஆயுதங்கள் அவ்வளவு கீழே குனியாது. ஆனால் 100 மீட்டர் தள்ளி நிற்கும் நண்பருக்கு அது தெளிவாகத் தெரியும். முன்பு சொன்ன வட்டக் கணக்கு இங்கேதான் உதவுகிறது. ஆகவே என் மேல் இருப்பதை நீ சுடு, உன் மேல் இருப்பதை நான் சுடுகிறேன் என்ற உடன்பாடு வேண்டும். இவ்விளையாட்டில் நம் குண்டு நண்பரையும் காயப்படுத்தும் என்பதால் நிதானம் அவசியம்.

3. சுவரை முதுகாக்குதல்: துணை யாரும் இல்லையென்றால் பாறையிலோ கட்டடத்திலோ முதுகைச் சாய்த்துவிட வேண்டும். முழு வட்டம் அரை வட்டமாகிவிடும். லோக்கஸ்ட் நம் முன்னால் வந்தே ஆக வேண்டும்.

4. எதிர்ப்புறம் திரும்புதல்: லோக்கஸ்ட் வலமாகச் சுற்றினால் நாமும் வலமாகவே திரும்பித் துரத்துவது இயல்பு. அது வீண். அதன் ஓட்டத்துக்கு எதிராக இடப்பக்கம் திரும்பினால் பாதி வழியில் நேருக்கு நேர் சந்திக்கலாம். அப்படியே பின்னோக்கி நடந்தால் இடைவெளியும் கொஞ்சம் கூடும். சுடுவதற்குக் கிடைப்பது ஒரு வினாடிதான். அதற்காகக் குண்டைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

5. காலைக் குறிவைத்தல்: இவ்விளையாட்டில் ஒரு கால் உடைந்தால் மெக் நொண்டி நொண்டித்தான் நடக்கும். இரண்டும் உடைந்தால் அழிந்துவிடும். ஒரு கால் போன லோக்கஸ்ட் வெறும் 20 டன் தகரம். சரியாகப் பட்டால் ஓரிரண்டு அடி போதும். மார்பைக் குறிவைத்துக் குண்டுகளைச் சிதறடிப்பதைவிட ஒரே காலில் எல்லாரும் சுடுவது மேல்.

6. ஏற்ற ஆயுதம் ஏந்துதல்: இலகு ரகத்தை வேட்டையாட மூன்று வகை ஆயுதங்கள் நன்கு உதவும். குறுகிய நேரமே எரியும் பல்ஸ் லேசர், துப்பாக்கி ரவை போல் சிதறிப் பாயும் எல்.பி.எக்ஸ் பீரங்கி, எதிரியைப் பூட்டிக்கொண்டு தானே தேடிச்செல்லும் ஸ்ட்ரீக் ஏவுகணை. சில இலகு ரக மெக்குகளில் ரேடாரை மறைக்கும் கருவி இருக்கும். அப்போது ஸ்ட்ரீக்கால் எளிதில் பூட்ட முடியாது. பி.பி.சி எனப்படும் மின்கதிர்ப் பீரங்கி பட்டால் அந்தக் கருவி சில வினாடிகள் செயலிழக்கும். ஆகவே ஒரே ஆயுதத்தை நம்பி இருக்கக்கூடாது. எல்லாரும் இவற்றையே ஏந்தினால் தொலைவில் இருக்கும் பெரிய எதிரிகளிடம் தோற்போம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

7. ஒரு காவலரை நியமித்தல்: 45 முதல் 55 டன் வரையுள்ள நடுத்தர மெக் ஒன்றை அட்லஸின் துணைக்கு விட வேண்டும். லோக்கஸ்ட் வந்தால் திரும்ப வேண்டியது அந்த ஒருவர் மட்டுமே. மற்றவர்கள் முன்னால் பார்க்கட்டும். அவர்களுடைய ஒருவரை நம்முடைய ஒருவர் கட்டிவைத்துவிட்டால் கணக்குச் சமமாகிவிடும். காவலரும் தூரம் துரத்தக்கூடாது. விரட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டும்.

இந்த ஏழையும் எழுதி முடித்தபோது எனக்கே ஒன்று தோன்றியது. திருக்குறளில் 48, 49, 50ஆம் அதிகாரங்கள் முறையே வலியறிதல், காலமறிதல், இடனறிதல். இரு தரப்பின் வலிமை என்ன, எதிரி திரும்பும் காலம் எது, நாம் நிற்க வேண்டிய இடம் எது என்ற மூன்று கேள்விகளுக்குள் மேற்சொன்ன ஏழும் அடங்கிவிடுகின்றன.

கம்பாரும் சிலிம் ரிவரும்

இது விளையாட்டோடு முடிந்துவிடும் செய்தியன்று. நம் மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. மொத்தம் 70 நாள். மிதிவண்டியில் வந்த காலாட்படையும், எடை குறைந்த டாங்கிகளும் அவர்களுடைய வேகத்திற்குக் காரணமாக அமைந்தன. அவர்களின் 'டைப் 95' இலகு டாங்கி ஏறத்தாழ ஏழரை டன் எடைதான். மலாயாவில் இருந்த பிரிட்டிஷ் படையிடமோ அப்போது டாங்கியே இல்லை. பக்கவாட்டில் சுற்றி வளைக்கப்படுவோம் என்ற அச்சத்தில் அது மீண்டும் மீண்டும் பின்வாங்கியது.

ஆனால் பேராக்கில் உள்ள கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை, பிரிட்டிஷ் வீரர்களும் இந்தியச் சிப்பாய்களும் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்தினர். காரணம் இடம். மேட்டு நிலம் அவர்கள் கையில் இருந்தது. எதிரே ஈயக்குட்டைகள் நிறைந்த திறந்தவெளி. வருபவர்களைத் தொலைவிலேயே கண்டு பீரங்கியால் சுட முடிந்தது. மேற்குக் கடற்கரையில், இன்றைய தெலுக் இந்தான் பக்கமாக, ஜப்பானியர் தரையிறங்கிப் பின்புறத்தை அச்சுறுத்தியதால்தான் அவர்கள் அங்கிருந்து விலக நேர்ந்தது.

ஐந்தே நாளில், ஜனவரி 7 அதிகாலையில், தெற்கே சிலிம் ரிவரில் நிலைமை தலைகீழானது. ஏறத்தாழ முப்பது டாங்கிகள் இருட்டில் நெடுஞ்சாலை வழியே பாய்ந்து வந்தன. தடுப்பு இருந்த இடத்தில், கைவிடப்பட்ட பழைய சாலை வளைவுகளில் புகுந்து சுற்றிக்கொண்டன. டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் உரிய இடத்தில் இல்லை. முன்னால் இருந்த பிரிவு தாக்கப்பட்ட செய்தி பின்னால் இருந்த பிரிவுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. நாள் முடிவதற்குள் இரண்டு இந்தியப் படையணிகள் சிதறிப்போயின.

என் பாட்டி சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அன்று விடியும் முன் சாலையில் இடைவிடாத இரைச்சல் கேட்டதாகவும், விடிந்தபின் ரப்பர் மரங்களுக்கிடையே சிப்பாய்கள் தண்ணீர் கேட்டு வந்ததாகவும் தம் தகப்பனார் சொல்லியதைப் பாட்டி எங்களிடம் சொல்வார். யாரிடமிருந்தும் தகவல் வராமல் காட்டில் விடப்பட்ட அந்தச் சிப்பாய்களை நினைக்கும்போது, விளையாட்டையும் போரையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. விளையாட்டில் இறந்தவர் அடுத்த ஆட்டத்தில் எழுந்துவிடுவார். ஆனாலும் பாடம் ஒன்றுதான். வேகமாக வருபவனை வேகத்தால் மட்டும் வெல்ல வேண்டியதில்லை. நல்ல இடமும் சரியான நேரத்தில் போய்ச்சேரும் ஒரு சொல்லும் போதும். கம்பாரில் இடம் கிடைத்தது. சிலிம் ரிவரில் இரண்டும் கிடைக்கவில்லை.

வேறு விளையாட்டுகளில்

2023 ஆகஸ்டில் வெளிவந்த 'ஆர்மர்ட் கோர் 6' விளையாடும் நண்பர்களுக்கும் ஒரு சொல். அதில் ஒருவரோடு ஒருவர் மோதும்போது துணைக்கு ஆள் இல்லை. ஆனால் இலகு இயந்திரத்தின் பலவீனம் அங்கேயும் இருக்கிறது. அடி வாங்க வாங்க நிலைகுலைவு அளவு ஏறி, நிறைந்ததும் இயந்திரம் சில கணம் அசையாமல் நின்றுவிடும். எடை குறைந்ததற்கு இது சீக்கிரம் நிறையும். எனவே பெரிய குண்டை முதலில் வீணாக்காமல், சிறு அடிகளால் நிலைகுலைய வைத்து, நின்ற கணத்தில் பெரிய அடியைக் கொடுக்க வேண்டும். மிக நெருங்கி வந்து வட்டமிட்டால், தன்னைச் சுற்றி வெடிக்கும் 'அசால்ட் ஆர்மர்' கைகொடுக்கும். அங்கும் விதி ஒன்றே: துரத்தாதே, அது நிற்கும் கணத்திற்குக் காத்திரு.

மீண்டும் களம்

தம்பியைத் தேடி அவர் விடுதிக்குப் போனேன். பதிவைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணே, எனக்கும் திரும்பத் தெரியல" என்றார். அந்த வாரமே மாமாக் கடையில் எட்டுப் பேரும் உட்கார்ந்து தே தாரிக் குடித்தபடி அழைப்புச் சொற்களை முடிவு செய்தோம். அதுவரை ஆங்கிலம், மலாய், தமிழ் என்று எல்லாம் கலந்து கத்துவோம். அவசரத்தில் ஒன்றும் புரியாது. இனி மூன்றே சொல். 'முதுகு' என்றால் எனக்குப் பின்னால் எதிரி. 'கால்' என்றால் எல்லாரும் காலில் சுடுங்கள். 'விடு' என்றால் துரத்துவதை நிறுத்தித் திரும்பு. 'முதுகு' என்று ஒருவர் சொன்னால் காவலர் 'வரேன்' என்று பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் வராத அழைப்பு ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது எங்கள் விதி. குரல் கொடுக்கும் அவசரத்தில் தாய்மொழிதான் முதலில் வாயில் வருகிறது என்பதையும் அப்போது கண்டுகொண்டோம்.

அடுத்த மாதம் அதே நண்பர்களோடு மூன்று ஆட்டம் ஆடினோம். இரண்டில் தோற்றோம். மூன்றாவதில் அதே லோக்கஸ்ட் மலையைச் சுற்றிக்கொண்டு வந்தது. "முதுகு" என்றார் தம்பி. "வரேன்" என்றேன், அன்று காவலர் நான்தான். தம்பி பாறையில் முதுகைச் சாய்த்து நின்றார். லோக்கஸ்ட் அவர் முன்னால் கடந்தபோது "கால்" என்று குரல் கொடுத்தார். என் குண்டு மண்ணில் பட்டது. அவர் குண்டு காலில் பட்டது. மற்ற ஆறு பேரும் திரும்பியே பார்க்கவில்லை. அந்த ஆட்டத்தில் வென்றோம்.

நண்பர்களே, பட்டம் முடித்து வேலைக்குப் போகும் இடத்திலும், கழகப் பணியிலும், குடும்பத்திலும் வேகமாக முன்னால் ஓடுபவர்கள் இருப்பார்கள். கடைசியில் மெதுவாக நடந்து வருபவர்களும் இருப்பார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டால் முதல் அழைப்பிலேயே பதில் சொல்லுங்கள். நான்காவது அழைப்புவரை காத்திருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.